கல்லுக்குள் கடலைக் கண்ட அல்பிரூனி

மீலாத் விழாப் பேச்சுப் போட்டிகளில் அல்பிரூனியின் பெயர் வராத வருடம் இல்லை. அல்குவாரிஸ்மி, இப்னு சீனா, இப்னுல் ஹைதம் என்று அடுக்கிக்கொண்டு போகும் பட்டியலில் அவரும் ஒருவர். பூமியின் ஆரையை அளந்தார், இந்தியாவைப் பற்றி நூல் எழுதினார் என்று இரண்டு வசனங்களில் அவரை முடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். உயர்தரத்தில் புவியியலை ஒரு பாடமாக எடுத்த பிறகு, அடையற் பாறைகளையும் உயிர்ச்சுவடுகளையும் படிக்கும்போதுதான் நான் அவரை வேறொரு வாசல் வழியாகச் சந்தித்தேன். மேடையில் யாரும் சொல்லாத அல்பிரூனி அவர். வானத்தைப் பார்த்த அதே கண்ணால் கிணற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தவர்.

அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மத் அல்பிரூனி ஹிஜ்ரி 362ஆம் ஆண்டு துல்ஹஜ் மாதத்தில், அதாவது கி.பி. 973 செப்டம்பரில், குவாரஸ்ம் நாட்டின் காத் நகரில் பிறந்தார். இன்றைய உஸ்பெகிஸ்தானில், ஆரல் கடலுக்குத் தெற்கே, ஆமூ தர்யா நதிக்கரையில் இருந்த ஊர் அது. அந்த நதியை அரபியர் ஜைஹூன் என்றார்கள். பாரசீக மொழியில் பிரூன் என்றால் வெளிப்புறம். நகரின் வெளிப்புறத்தில் பிறந்ததால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். பெரிய குடும்பத்துப் பிள்ளை அல்ல. தன் பரம்பரையைப் பற்றி அவர் எங்கும் பெருமை பேசவில்லை. ஆனால் குவாரஸ்மின் அரச குடும்பத்தைச் சேர்ந்த அபூ நஸ்ர் மன்சூர் என்ற கணித அறிஞர் அவருக்கு ஆசிரியராகக் கிடைத்தார்.

990ஆம் ஆண்டில் காத் நகரில் நண்பகல் சூரியனின் உயரத்தை ஒரு வளையக் கருவியால் அளந்து ஊரின் அகலக்கோட்டைக் கணித்தார். அப்போது அவருக்குப் பதினேழு வயது. (எனக்கும் இப்போது பதினேழு என்பதால் இந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.) அதற்குப் பிறகு பத்து முழ விட்டத்தில் ஓர் அரைக்கோளம் செய்து, ஊர்களின் தூரங்களை எல்லாம் அதில் குறிக்கத் தொடங்கினார். வேலை முடியவில்லை. 995இல் காத் அரசுக்கும் குர்கஞ்ச் அரசுக்கும் யுத்தம் வந்தது. காத் விழுந்தது. இருபத்திரண்டு வயது இளைஞன் தன் அரைக்கோளத்தை விட்டுவிட்டு உயிரைக் காத்துக்கொண்டு ஓடினான். பாதியில் விட்டுப் போன வேலை என்றால் என்ன என்பதை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ரய் நகரில் சில காலம் கையில் காசில்லாமல் இருந்தார். 997இல் மீண்டும் காத் நகரில் இருந்தபோது ஒரு சந்திர கிரகணம் வந்தது. பக்தாதில் இருந்த அபுல் வஃபா என்ற வானியலாளருடன் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு இருவரும் இரண்டு ஊர்களில் நின்று அதை அவதானித்தார்கள். கிரகணம் இரு ஊர்களிலும் தெரிந்த நேர வித்தியாசத்திலிருந்து இரண்டுக்கும் இடையிலான நெடுங்கோட்டு வித்தியாசத்தைக் கணக்கிட்டார்கள். தொலைபேசி இல்லாத காலத்தில் இது நடந்திருக்கிறது. பிறகு கஸ்பியன் கரையில் ஜுர்ஜான் ஆட்சியாளர் காபூஸின் ஆதரவில் தங்கி, 1000ஆம் ஆண்டளவில் பல சமுதாயங்களின் நாட்காட்டிகளைப் பற்றிய பெரிய நூலை எழுதினார். பின்னர் குவாரஸ்முக்குத் திரும்பி மன்னரின் ஆலோசகரானார். 1017இல் கஸ்னியின் சுல்தான் மஹ்மூத் குவாரஸ்மைப் பிடித்தார். அல்பிரூனியும் அவருடைய ஆசிரியரும் கஸ்னிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர் விருந்தாளியாகப் போனாரா, கைதியாகப் போனாரா என்று கேட்டால், பாதி பாதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரை வைத்திருக்க சுல்தான் விரும்பினார். அவர் விரும்பினாரா என்று கேட்க ஆளில்லை.

அடுத்த வருடம், 1018இல், காபூலுக்கு அருகே ஒரு கிராமத்தில் சூரியனை அளக்க நினைத்தார். கையில் எந்தக் கருவியும் இல்லை. கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் வட்டத்தின் ஒரு பகுதியை வரைந்து, நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டு, அதையே கருவியாக்கி அளந்தார். இல்லை என்று உட்கார்ந்திருக்கும் குணம் அவரிடம் இருக்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

கஸ்னி நகருக்குச் சரியான கிப்லாத் திசையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. அதற்கு மக்காவுக்கும் கஸ்னிக்கும் இடையிலான தூரமும் இரண்டு ஊர்களின் நெடுங்கோடு, அகலக்கோடுகளும் துல்லியமாகத் தெரிய வேண்டும். அதற்காக அவர் எழுதிய நூல் 1025இல் முடிந்தது. தஹ்தீத் என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். தொழுகைக்குத் திசை பார்க்கும் நூலுக்குள் கடற்சிப்பி எப்படி வந்தது? ஊர்களின் இடங்களைக் கணக்கிட முன், பூமியின் மேற்பரப்பு எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை என்பதை அவர் சொல்ல வேண்டியிருந்தது. கடல் தரையாகிறது, தரை கடலாகிறது. ஆறுகள் பாதை மாறுகின்றன. மனிதர்கள் அதற்குப் பின்னால் இடம்பெயர்ந்து கொண்டே இருக்கிறார்கள்.

இதற்கு அவர் சாட்சியாகக் காட்டியது அரபுப் பாலைவனத்தை. அது ஒரு காலத்தில் கடலாக இருந்து பின்னர் மூடப்பட்டது என்கிறார். கிணறோ குளமோ தோண்டும்போது அதன் தடயம் தெரியும். மண், மணல், கூழாங்கல் என்று படை படையாக வரும். யாரும் வேண்டுமென்று புதைத்ததாகச் சொல்ல முடியாத ஓட்டுத் துண்டுகளும் கண்ணாடியும் எலும்பும் வரும். கற்களும் வரும். அந்தக் கற்களை உடைத்தால் உள்ளே சிப்பிகளும் சோகிகளும், மீன்காது என்று மக்கள் சொல்லும் பொருட்களும் இருக்கும். சில அப்படியே முழுமையாக இருக்கும். சில உக்கிப் போய், அவை இருந்த இடத்தில் அதே வடிவிலான குழி மட்டும் மிஞ்சியிருக்கும். கஸ்பியன் கரையில் உள்ள பாபுல் அப்வாபிலும் இப்படியான கற்கள் இருப்பதை அவர் குறிப்பிடுகிறார். ஜுர்ஜானுக்கும் குவாரஸ்முக்கும் இடையிலான மணல்வெளியும் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது என்றும், ஜைஹூன் நதி அப்போது வேறு பாதையில் ஓடியது என்றும் எழுதுகிறார்.

அந்தக் குழியைப் பற்றிய குறிப்புத்தான் என்னை அசைத்தது. ஓடு கரைந்து போய் அதன் அச்சு மட்டும் கல்லில் நிற்பதை நமது பாடப்புத்தகமும் உயிர்ச்சுவடு வகைகளில் ஒன்றாகச் சொல்கிறது. அதையே ஆயிரம் வருடங்களுக்கு முன் ஒருவர் கண்டு, சிப்பியும் அச்சும் ஒரே கதையின் இரண்டு நிலைகள் என்று புரிந்துகொண்டிருக்கிறார். கல் தானாகவே சிப்பி போல வளர்ந்தது என்று நினைத்தவர்கள் அவருக்குப் பல நூற்றாண்டுகள் கழித்தும் ஐரோப்பாவில் இருந்தார்கள். பாறைப் படைகளில் கீழே உள்ளது பழையது, மேலே உள்ளது புதியது என்று ஸ்டெனோ புளோரன்ஸ் நகரில் நூல் எழுதியது 1669இல். அல்பிரூனி அந்த விதியை எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. நம்மவர்கள்தான் எல்லாவற்றையும் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று மேடையில் முழங்குவது எனக்கு விருப்பமில்லாத பழக்கம். கிரேக்கரிலும் சிலர் மலையில் சிப்பி கண்டு கடலை நினைத்திருக்கிறார்கள். அல்பிரூனியிடம் நான் மதிப்பது வேறு. தோண்டும்போது என்ன வந்ததோ அதை ஒன்றும் கூட்டாமல், குறைக்காமல், வந்த ஒழுங்கில் எழுதினார்.

பூநகரிப் பக்கம் எங்கள் சாச்சாவின் வளவில் மீள்குடியேறிய பிறகு கிணறு வெட்டினார்கள். முதலில் மணல், பிறகு பழுப்பு மண், அதற்குக் கீழே வெள்ளைக் கல். உடைத்துப் போட்ட கல்லில் விரல் நகம் அளவில் சிப்பி அச்சு இருந்தது. வெட்டியவர்களுக்கு அது புதினமே இல்லை, எப்போதும் வருவதுதான் என்றார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வன்னியின் வடக்கு, மேற்குக் கரையோரமாகப் புத்தளம் பக்கம் வரை நீளும் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது. ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட கடலின் அடித்தளம் அது. வவுனியாவில் தோண்டினால் இது வராது. அங்கே கருங்கல்தான். பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய அந்தப் பாறையில் சிப்பியைத் தேடிப் பயனில்லை. ஜுராசிக் காலப் பாறை வேண்டுமென்றால் புத்தளம் மாவட்டத்தின் தப்போவைக்கும் ஆண்டிகமைக்கும் போக வேண்டும். ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது. அந்தப் படைகளில் கிடைப்பது பன்னங்கள் முதலிய தாவரங்களின் இலை அச்சுகள். அவை நன்னீரில் படிந்தவை. ஜுராசிக் கடலைப் பார்க்க இந்தியாவின் கச்சுப் பகுதிக்குப் போக வேண்டும். நத்தை போலச் சுருண்ட அமொனைற்றுகள் அங்குள்ள பாறைகளில் நிறைய உண்டு.

எங்கள் மண்ணைத் தோண்டும்போது சிப்பி மட்டும் வருவதில்லை. கண்ணிவெடி அகற்றுபவர்கள் சிவப்புப் பலகை நட்டு அடி அடியாகச் சுரண்டிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வேறு என்னென்ன வந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். சிப்பிக்கு முன்னால் ஓட்டுத் துண்டையும் கண்ணாடியையும் எலும்பையும் அவர் சேர்த்து எழுதிய வரியை நான் அதனால்தான் இரண்டு தரம் படித்தேன். கடல் விட்டுப் போனதும் மனிதர் விட்டுப் போனதும் அவருக்கு ஒரே குழியில் கிடைத்த சாட்சிகள்.

இவ்வளவு காலக் கணக்கு நம் ஈமானுக்குப் பொருந்துமா என்று வகுப்பில் ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. அல்பிரூனி உலகம் படைக்கப்பட்டது என்பதில் உறுதியாக இருந்தார். உலகம் ஆரம்பமே இல்லாமல் என்றென்றும் இருக்கிறது என்று சொன்ன தத்துவவாதிகளுடன் அவருக்கு உடன்பாடு இல்லை. ஆனால் படைக்கப்பட்டு எத்தனை வருடம் ஆனது என்ற கேள்விக்கு, கண்டு அறிந்த சாட்சியம் இல்லாத எண்ணை அவர் சொல்லவில்லை. பல சமுதாயங்கள் உலகத்தின் வயதுக்குக் கொடுத்த எண்களை நாட்காட்டி நூலில் அருகருகே வைத்து, அவை ஒன்றோடொன்று முரண்படுவதைக் காட்டினார். கல்லுக்குள் சிப்பி இருப்பதால் அவருடைய தொழுகைக்கு எந்த இடைஞ்சலும் வரவில்லை. கிப்லாவைத் தேடிப் போன வழியில்தானே அவர் அந்தச் சிப்பியைக் கண்டார்!

மஹ்மூதின் படையெடுப்புகளைத் தொடர்ந்து இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளுக்கு அவர் போக நேர்ந்தது. அங்கும் மண்ணையே பார்த்தார். எவ்வளவு ஆழம் தோண்டினாலும் உருண்டையான கற்கள் வருகின்றன. மலையருகே, ஆறு வேகமாகப் பாயும் இடத்தில், அவை பெரியவை. மலையிலிருந்து விலக விலகச் சிறுக்கின்றன. ஆறு தளர்ந்து கடலை அடையும் இடத்தில் மணலாகின்றன. ஆகவே இந்தச் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து, ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் நிரம்பியது என்று அவர் முடிவுக்கு வந்தார். ஆற்றின் வேகத்துக்கும் அது சுமக்கும் கல்லின் பருமனுக்கும் உள்ள தொடர்பை நாங்கள் இன்று வரைபடம் போட்டுப் படிக்கிறோம். கண்டத்தட்டுகள் நகர்வதோ இமயமலை எழுந்த விதமோ அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் வண்டல் பற்றிய அவருடைய பார்வை சரியானது.

இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை அளந்து, அதன் உச்சியிலிருந்து அடிவானம் எவ்வளவு கோணம் தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தார். மலை 652 முழம். கோணம் ஏறத்தாழ 34 கலை. இந்த இரண்டு எண்களை வைத்தே பூமியின் ஆரையைக் கணக்கிட்டார். இன்றைய அளவுக்கு மிகவும் கிட்டிய விடை வந்தது. பேச்சுப் போட்டியில் இவ்வளவுதான் சொல்வார்கள். நந்தனா உப்பு மலைத்தொடரில் இருக்கிறது என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன். இப்போது கடைகளில் விலைக்கு விற்கும் ரோஸ் நிற உப்பு அந்தத் தொடரின் கெவ்ரா சுரங்கத்திலிருந்துதான் வருகிறது. 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு கடல் வற்றி விட்டுப் போன உப்பு அது. அதே தொடரின் மேற்குப் பக்கத்தில் ஜுராசிக் காலக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவரின் காலடியிலும் கடல்தான் இருந்திருக்கிறது.

படை போன பாதையில் போனவர் என்பதால் அவர் படையின் பக்கம் நின்று எழுதவில்லை. மஹ்மூத் அந்த நாட்டின் செழிப்பை அழித்துவிட்டார், மக்கள் தூசியாகச் சிதறிப்போனார்கள், அதனாலேயே அவர்களுக்கு முஸ்லிம்கள் மீது ஆழமான வெறுப்பு உண்டானது, அவர்களுடைய அறிவும் தூர இடங்களுக்கு ஒதுங்கிவிட்டது என்று ஒளிக்காமல் பதிந்திருக்கிறார். பிறகு அந்த வெறுப்பைத் தாண்டிப் போக முயன்றார். நடுத்தர வயதில் சமஸ்கிருதம் படித்தார். பண்டிதர்களுக்கு முன் முதலில் மாணவனாக இருந்தார். பிறகு அவர்கள் வியந்து, தங்களுக்குள் அவரைக் கடல் என்று பேசிக்கொண்டார்களாம். பதஞ்சலியின் யோக நூலை அரபிக்குக் கொண்டுவந்தார். 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றிய பெரிய நூலை முடித்தார். தமிழர் கோயிலும் நமது பள்ளிவாசலும் ஒரே வீதியில் இருக்கும் ஊர்களில் வாழும் நமக்கு, அயலவரின் நம்பிக்கையை அவர்களுடைய நூல்களிலிருந்தே தெரிந்துகொள்ள முயன்ற அந்தப் பொறுமை தூரத்து விஷயம் அல்ல.

அந்த நூலில் நம் நாடும் வருகிறது. ஸரந்தீபுக்கு அவர் வந்ததில்லை. ஆனால் ஸரந்தீப் குடாவில் முன்பு முத்துக்குளிப்பு நடந்தது, இப்போது கைவிடப்பட்டுவிட்டது என்று கேட்டறிந்து எழுதியிருக்கிறார். அதே காலத்தில் ஆபிரிக்காவின் ஸுஃபாலாவில் முத்து கிடைக்கத் தொடங்கியதால், ஸரந்தீப் முத்துக்கள் அங்கே குடிபெயர்ந்துவிட்டன என்று மக்கள் பேசிக்கொண்டதையும் குறிக்கிறார். மன்னார்க் குடாவின் சிப்பிப் படுக்கைகள் இப்படித்தான். சில வருடம் நிறையும், பல வருடம் வெறுமையாகும். அவருக்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின், பிரித்தானியர் காலத்தில், மரிச்சுக்கட்டிக் கரையில் ஆயிரக்கணக்கானோர் கூடி அதே படுக்கைகளில் மீண்டும் குளித்தார்கள்.

கடைசி வருடங்களை அவர் கஸ்னியிலேயே கழித்தார். மஹ்மூதின் மகன் மஸ்ஊதுக்கு வானியல் நூல் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பரிசாக ஒரு யானை சுமக்கும் வெள்ளி நாணயங்கள் வந்ததாகவும் அதைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையைவிட, உலோகங்களையும் இரத்தினக்கற்களையும் தண்ணீரில் அமிழ்த்தி, வெளியேறும் நீரை நிறுத்து, ஒவ்வொன்றின் தன்னீர்ப்பை அவர் கணக்கிட்டது பெரிதாகப் படுகிறது. 1036இல் தன் நூல்களுக்குத் தானே பட்டியல் போட்டபோது அவை நூறைத் தாண்டியிருந்தன. அதற்குப் பிறகும் எழுதினார். மரணப் படுக்கையில் அவரைப் பார்க்க வந்த ஒரு சட்ட அறிஞரிடம், வாரிசுரிமைச் சட்டத்தில் பாட்டிமாரின் பங்கைப் பற்றி முன்பு பேசிய கணக்கைத் திரும்ப விளக்கும்படி கேட்டார் என்று யாகூத் எழுதிய வரலாற்றில் இருக்கிறது. விளக்கிவிட்டு வெளியே வந்த அவர் தெருவில் நடக்கும்போதே வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டதாம். 1050ஆம் ஆண்டளவு அது.

அவர் பிறந்த காத் நகரம் இன்று இடிபாடு. அருகில் உள்ள ஊருக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள். ஏரி மணலாகும், நதி பாதை மாறும் என்று அவர் எழுதிய அதே நதியிலிருந்து, சோவியத் ஆட்சியில், 1960களிலிருந்து பருத்தி வயல்களுக்குப் பெருமளவில் தண்ணீர் திருப்பப்பட்டது. வடக்கே ஆரல் கடல் வற்றத் தொடங்கியது. முய்னாக் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் துருப்பிடித்த கப்பல்கள் இப்போது மணலில் நிற்கின்றன. கரை பல கிலோமீற்றருக்கு அப்பால் போய்விட்டது. கப்பல்களைச் சுற்றி மணலில் வெள்ளைச் சிப்பிகள் கிடக்கின்றன.